அரசு கைக்குப் போகும் தனியார் நிறுவனங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு தனியார் வங்கியோ கம்பெனியோ தடுமாறினால், "அரசே எடுத்துக்கொண்டது" என்று செய்தி வருகிறது. அந்த ஒரு வாக்கியத்துக்குள் நாலைந்து வெவ்வேறு காரியங்கள் அடங்கியிருக்கின்றன. இயக்குநர் குழுவை மட்டும் மாற்றியிருக்கலாம். ரிசர்வ் வங்கி ஒரு நிர்வாகியை உட்கார வைத்திருக்கலாம். பாக்கிக்குப் பதிலாக அரசு பங்கு வாங்கியிருக்கலாம். உங்கள் சம்பளமும் டெபாசிட்டும் பங்கும் என்ன ஆகும் என்பது, இவற்றில் எது நடந்தது என்பதைப் பொறுத்தது. அதனால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவில் எடுத்தார்கள்?

அரசு நினைத்தால் எந்தத் தனியார் கம்பெனியையும் எடுத்துக்கொள்ள முடியுமா?

முடியாது. சட்டம் வேண்டும், காரணம் வேண்டும். சாதாரணக் கம்பெனி என்றால் தீர்ப்பாயத்தின் உத்தரவும் வேண்டும்.

இந்தச் சண்டை குடியரசின் வயதை ஒத்தது. சோலாப்பூர் நூற்பு நெசவு ஆலை 1949-ல் மூடப்பட்டது. 1950-ல் மத்திய அரசு அந்த ஒரு ஆலைக்காகவே ஒரு சட்டம் போட்டு நிர்வாகத்தை எடுத்தது. உடைமையைத் தொடவில்லை, நிர்வாகத்தைத்தான் எடுத்தோம் என்று அரசு வாதாடியது. பங்குதாரரிடம் வெறும் காகிதத்தை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் எடுப்பதும் உடைமையைப் பறிப்பதற்குச் சமம்தான், அதற்கு இழப்பீடு இல்லை என்பதால் சட்டம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதன் பிறகுதான் 1955-ல் அரசியலமைப்பின் நான்காவது திருத்தம் வந்தது. பொது நலனுக்காகவோ முறையான நிர்வாகத்துக்காகவோ குறிப்பிட்ட காலத்துக்கு நிர்வாகத்தை எடுக்கும் சட்டங்களுக்கு, 31ஏ பிரிவில் பாதுகாப்பு கிடைத்தது. "குறிப்பிட்ட காலத்துக்கு" என்ற சொல் முக்கியம். நிர்வாகத்தை எடுப்பது தற்காலிகம், தேசியமயமாக்குவது நிரந்தரம். சில சமயம் முதலாவது இரண்டாவதற்கு வாசலாகிவிடும். ஆயுள் காப்பீட்டுக் கம்பெனிகளின் நிர்வாகம் 1956 ஜனவரி 19 அன்று அவசரச் சட்டத்தால் எடுக்கப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பர் 1-ல் எல்.ஐ.சி. பிறந்தது.

இன்று நடைமுறையில் உள்ள வழிகள் எவை?

சாதாரணக் கம்பெனி என்றால் 2013-ம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 241, 242 பிரிவுகள். வங்கி என்றால் வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 36ஏசிஏ, 45 பிரிவுகள். வங்கியல்லாத நிதி நிறுவனம் என்றால் ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் 45-ஐஇ பிரிவு. தொழிற்சாலை என்றால் 1951-ம் ஆண்டு தொழில்கள் (வளர்ச்சி, ஒழுங்குமுறை) சட்டத்தின் 18ஏ பிரிவு. இந்தக் கடைசி வழியை இப்போது யாரும் அதிகம் தொடுவதில்லை. நலிந்த பஞ்சாலைகளை 1972-ல் தனிச் சட்டம் போட்டே எடுத்தார்கள், 1974-ல் நாட்டுடைமை ஆக்கினார்கள். கோவையின் பங்கஜா, முருகன், கம்போடியா மில்கள் தேசியப் பஞ்சாலைக் கழகத்தின் கீழ் வந்த கதை அதுதான்.

இவை தவிர, பங்கு வாங்கியோ இயக்குநரை நியமித்தோ உள்ளே வருவது தனி வகை. அதைப் பின்னால் பார்ப்போம்.

241-வது பிரிவில் அரசு படிப்படியாக என்ன செய்கிறது?

முதலில் தகவல் திரட்டல். நிறுவனப் பதிவாளர் 206-வது பிரிவில் விளக்கம் கேட்பார், கணக்குப் புத்தகங்களை ஆய்வு செய்வார். விஷயம் பெரிதென்றால் 212-வது பிரிவில் தீவிர மோசடி விசாரணை அலுவலகத்திடம் ஒப்படைப்பார்கள். அடுத்து, கம்பெனியின் நிர்வாகம் பொது நலனுக்குக் கேடாக நடக்கிறது என்ற முடிவுக்கு மத்திய அரசு வர வேண்டும். வந்தால் 241(2)-ன் கீழ் தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்தில் மனு. தீர்ப்பாயம் 242-ன் கீழ் இயக்குநர்களை நீக்கலாம், புதியவர்களை நியமிக்கலாம், ஒப்பந்தங்களை ரத்து செய்யலாம், இடைக்கால உத்தரவும் போடலாம்.

அமைச்சகம் நேரடியாகப் போய்ப் பூட்டை உடைக்க முடியாது என்பதைக் கவனியுங்கள். நியமன உத்தரவு தீர்ப்பாயத்திலிருந்துதான் வர வேண்டும். மாநில அரசுக்கு இந்தப் பிரிவில் மனுப் போடும் அதிகாரமே இல்லை.

சத்யம் விவகாரத்தில் இது எப்படி நடந்தது?

இந்தியாவில் இந்த முறை நன்றாக வேலை செய்த உதாரணம் அதுதான். அப்போது இருந்தது 1956-ம் ஆண்டுச் சட்டமும் கம்பெனி சட்ட வாரியமும்.

2009 ஜனவரி 7 அன்று, சத்யம் என்ற மென்பொருள் கம்பெனியின் நிறுவனரும் தலைவருமான ராமலிங்க ராஜு இயக்குநர் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஐந்தொகையில் ரொக்கம், வங்கி இருப்பு என்று காட்டிய 5,361 கோடி ரூபாயில் 5,040 கோடி இல்லவே இல்லை என்றது கடிதம். முந்தைய நாள் 179 ரூபாயில் முடிந்திருந்த பங்கு, அன்று 40 ரூபாய்க்குக் கீழே முடிந்தது. ஜனவரி 9-ல் அரசு வாரியத்திடம் போனது. அன்றே பழைய குழு கலைக்கப்பட்டு, பத்து பேர் வரை நியமிக்க அனுமதி கிடைத்தது. ஜனவரி 11-ல் தீபக் பரேக், கிரண் கார்னிக், சி. அச்சுதன். சில நாளில் தருண் தாஸ், டி.என். மனோகரன், எல்.ஐ.சி.யிலிருந்து எஸ். பாலகிருஷ்ண மைனாக்.

ஏப்ரல் 13-ல் ஏலம். டெக் மகிந்திரா பங்குக்கு 58 ரூபாய் கேட்டு வென்றது, எல் அண்ட் டி கேட்டது 45.90. முதல் 31 சதவீதத்துக்கான 1,757 கோடி ரூபாய் புதிய பங்குகளுக்கான விலை. அதனால் பணம் ராஜு குடும்பத்துக்குப் போகாமல் கம்பெனிக்குள் வந்தது. அரசு தன் பணத்தில் ஒரு ரூபாய்கூட முதலீடு செய்யவில்லை. ஏறக்குறைய 50,000 பேர் வேலை பார்த்த கம்பெனி, சுமார் மூன்று மாதத்தில் புது உரிமையாளர் கையில்.

வெற்றிக்குக் காரணம் வேகம் மட்டும் அல்ல. சத்யத்தில் பொய்யாக இருந்தது இருப்பு. வாடிக்கையாளர்களும் பொறியாளர்களும் நிஜம். நிஜமான தொழில் உள்ளே இருந்தால்தான் நல்ல இயக்குநர் குழுவால் எதையாவது காப்பாற்ற முடியும்.

புதிய குழு முதல் வாரத்தில் என்ன செய்யும்?

முதல் வேலை காசோலைப் புத்தகம். யார் கையெழுத்துக்கு வங்கி பணம் தருகிறது என்பதை மாற்ற வேண்டும். குழுவின் தீர்மானம், தீர்ப்பாய உத்தரவின் சான்றிட்ட நகல், புதியவர்களின் மாதிரிக் கையெழுத்து ஆகிய மூன்றும் ஒவ்வொரு வங்கிக்கும் தனித்தனியாகப் போக வேண்டும். இணையவழிப் பரிமாற்றத்துக்கான பயனர் பெயர்களையும் டிஜிட்டல் கையொப்பங்களையும் அன்றே முடக்க வேண்டும். காகிதக் கையெழுத்தை மாற்றிவிட்டு இதை மறந்தால், பழைய ஆட்கள் வீட்டிலிருந்தே பணம் அனுப்ப முடியும்.

அடுத்து மின்னஞ்சல் சர்வரையும் கணக்கு மென்பொருளையும் நகலெடுத்து முத்திரையிடுவது. பிறகு ரொக்க வரவு செலவுக் கணிப்பு: அடுத்த 13 வாரத்துக்கு வாரவாரியாக எவ்வளவு வரும், எவ்வளவு போகும். சம்பளம், மின்சாரம், வரி, காப்பீட்டு பிரீமியம் தவிர மற்ற எல்லாவற்றையும் நிறுத்திப் பார்ப்பார்கள். இயக்குநர் மாற்றத்துக்கான டிஐஆர்-12 படிவத்துக்கு 30 நாள் அவகாசம் உண்டு. ஆனால் பதிவேட்டில் பழைய பெயர் இருக்கும்வரை வங்கிகள் தயங்கும் என்பதால், அதை உடனே போடுவதே நல்லது.

பழைய தவறுகளுக்குப் புதியவர்கள் மீது வழக்குப் பாயக்கூடாது என்று தீர்ப்பாயத்திடம் பாதுகாப்பு கேட்டு வாங்குவதும் உண்டு. அது இல்லாவிட்டால் நல்ல ஆட்கள் இந்தப் பொறுப்புக்கு வரமாட்டார்கள்.

ஐஎல் அண்ட் எஃப்எஸ் மட்டும் ஏன் இத்தனை ஆண்டு இழுத்தது?

ஐஎல் அண்ட் எஃப்எஸ் என்பது உள்கட்டமைப்புத் திட்டங்களுக்குக் கடன் கொடுத்த நிதிக் குழுமம். 2018 அக்டோபர் 1-ல் மும்பைத் தீர்ப்பாயம் பழைய குழுவை நீக்கி, உதய் கோட்டக் தலைமையில் ஆறு பேரை அனுமதித்தது. கடன் 91,000 கோடி ரூபாய்க்கும் மேல். அதைவிடப் பெரிய சிக்கல், குழுமத்தில் 300-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் இருந்தது. சட்டத்தின் கண்ணில் ஒவ்வொன்றும் தனி ஆள். தாய் நிறுவனத்தின் குழுவை மாற்றினால் பேரக் கம்பெனியின் குழு தானாக மாறிவிடாது. ஒவ்வொன்றுக்கும் கடன் கொடுத்தவர்கள் தனித்தனியாக வழக்குப் போடலாம். அதனால்தான் அக்டோபர் 15-ல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் குழுமம் முழுமைக்கும் மாரட்டோரியம், அதாவது வழக்குகளையும் கடன் வசூலையும் நிறுத்திவைக்கும் தடை, போட வேண்டிவந்தது. பிறகு நிறுவனங்களைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்தார்கள். எல்லாக் கடனையும் கட்ட முடிந்தது பச்சை. பிணையுள்ள கடனை மட்டும் கட்ட முடிந்தது மஞ்சள். அதுவும் முடியாதது சிவப்பு. கடலூர் மாவட்டத்தில் 1,200 மெகாவாட் அனல்மின் நிலையம் நடத்தும் நிறுவனமும் இந்தக் குழுமத்தில் இருந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தக் குழுமத்தின் தாய் நிறுவனத்தில் மிகப் பெரிய பங்குதாரர் எல்.ஐ.சி., சுமார் கால் பங்கு. ஸ்டேட் வங்கியும் உண்டு. கடன் தர மதிப்பீடு சரிவுக்குச் சில வாரங்களுக்கு முன்புவரை உச்சத்தில் இருந்தது. அரசு நிறுவனங்கள் பங்கு வைத்திருப்பது கண்காணிப்பு நடக்கிறது என்பதற்கு உத்தரவாதம் அல்ல. டெபாசிட் போடுமுன் "எல்.ஐ.சி.யே பங்கு வைத்திருக்கிறது" என்று யாராவது சொன்னால், இந்தப் பெயரை நினைத்துக்கொள்ளுங்கள்.

தீர்ப்பாய உத்தரவு கிடைத்துவிட்டால் தடையே இல்லையா?

வீடு கட்டி விற்கும் யூனிடெக் கம்பெனியின் வழக்கைப் பாருங்கள். 2017 டிசம்பர் 8-ல் பத்து இயக்குநர்களை நியமிக்கத் தீர்ப்பாயம் அனுமதி தந்தது. ஐந்தே நாளில் உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது. வீடு வாங்கியவர்களின் வழக்கை உச்ச நீதிமன்றம் ஏற்கெனவே விசாரித்துக்கொண்டிருந்தது. அங்கே கேட்காமல் அரசு தீர்ப்பாயத்துக்குப் போயிருந்தது. கடைசியில் 2020 ஜனவரி 20-ல் உச்ச நீதிமன்ற அனுமதியோடு புதிய குழு வந்தது. இடையில் போன இரண்டு ஆண்டில் பாதிக்கட்டிடங்கள் மழையில் நனைந்தன, வாங்கியவர்கள் வீட்டுக்கடன் தவணை கட்டிக்கொண்டிருந்தார்கள்.

என் வங்கிக்கு மாரட்டோரியம் போட்டுவிட்டார்கள். பணம் போய்விட்டதா?

பொதுவாக இல்லை. மாரட்டோரியம் என்பது கதவைச் சிறிது காலம் சாத்திவைப்பது. யெஸ் வங்கிக்கு 2020 மார்ச் 5-ல் போட்டபோது எடுக்கும் வரம்பு 50,000 ரூபாய். மருத்துவம், உயர்கல்வி, திருமணம் போன்ற தேவைக்கு 5 லட்சம் வரை விலக்கு உண்டு, ஆவணத்தோடு கிளையில் விண்ணப்பிக்க வேண்டும். ஸ்டேட் வங்கி தலைமையில் முதலீடு வந்து, மார்ச் 18 மாலையில் தடை நீங்கியது. 1926-ல் கரூரில் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கிக்கு 2020 நவம்பர் 17-ல் 25,000 ரூபாய் வரம்பு. நிர்வாகியாக வந்தவர் சத்யம் குழுவில் இருந்த அதே டி.என். மனோகரன். நவம்பர் 27-ல் டிபிஎஸ் வங்கியோடு இணைப்பு, டெபாசிட்டுகள் முழுசாக மாறின.

தடை நாட்களில் உடனே செய்ய வேண்டியவை சில. அந்தக் கணக்கிலிருந்து போகும் கடன் தவணை, காப்பீட்டு பிரீமியம், எஸ்ஐபி (மியூச்சுவல் ஃபண்டுக்கு மாதாமாதம் போகும் தொகை) ஆகியவற்றை வேறு வங்கிக்கு மாற்றுங்கள். தவணை திரும்பினால் அபராதமும் கடன் மதிப்பெண் குறைவும் உங்கள் தலையில்தான் விழும். சம்பளக் கணக்கு அங்கே இருந்தால் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து மாற்றச் சொல்லுங்கள்.

மோசமான நிலையிலும், டெபாசிட் காப்பீடு ஒரு வங்கியில் ஒருவருக்கு, எல்லாக் கிளைகளையும் சேர்த்து, வட்டியும் அசலுமாக 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. தடை நீடித்தால் 90 நாளில் அதைத் தர வேண்டும் என்று 2021-ல் சட்டத்தைத் திருத்தினார்கள்.

நிதி நிறுவனத்தில் எஃப்.டி. வைத்திருக்கிறேன். அதற்கும் இதே பாதுகாப்பா?

இல்லை. வங்கியல்லாத நிதி நிறுவனத்தின் டெபாசிட்டுக்கும், வீட்டுவசதி நிதி நிறுவனத்தின் டெபாசிட்டுக்கும் அந்த 5 லட்சம் காப்பீடு கிடையாது. டிஎச்எஃப்எல் என்ற வீட்டுவசதி நிதி நிறுவனத்தின் இயக்குநர் குழுவை 2019 நவம்பர் 20-ல் ரிசர்வ் வங்கி கலைத்து, ஆர். சுப்பிரமணியகுமாரை நிர்வாகியாக நியமித்தது. திவால் சட்டத்தில் நடவடிக்கை நடந்து, 2021-ல் பிரமல் குழுமம் வாங்கியது. வைப்பாளர்கள் எல்லோருக்கும் முழுத்தொகை திரும்பவில்லை. அரசு தலையிட்டது என்பதால் பணம் வரும் என்று நம்பி, உரிமைகோரல் படிவம் போடாமல் இருப்பதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. அறிவிப்பில் சொன்ன கடைசித் தேதிக்குள் ரசீது நகலோடு கட்டாயம் போட்டுவிடுங்கள்.

தமிழ்நாட்டில் சீட்டு, நகை, அதிக வட்டி என்று வசூலித்து ஓடும் நிறுவனங்களுக்கு 1997-ம் ஆண்டு முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அங்கே மாநில அரசு நிறுவனத்தை நடத்துவதில்லை. சொத்தைப் பறிமுதல் செய்து, சிறப்பு நீதிமன்றம் வழியாக விற்றுப் பிரித்துக் கொடுக்கிறது. புகார் போக வேண்டிய இடம் பொருளாதாரக் குற்றப் பிரிவு.

பங்குதாரருக்கு என்ன கிடைக்கும்?

மூன்று நிறுவனங்களை அருகருகே வைத்துப் பாருங்கள். சத்யத்தில் பங்கு மிஞ்சியது. 2013-ல் 17 பங்குக்கு டெக் மகிந்திராவின் 2 பங்கு வந்தது. யெஸ் வங்கியில் 100 பங்குக்கு மேல் வைத்திருந்தவர்களின் 75 சதவீதப் பங்கை மூன்று ஆண்டு விற்க முடியாமல் பூட்டினார்கள். லட்சுமி விலாஸ் வங்கியில் பங்கு மதிப்பு பூஜ்யம். கரூர் வட்டாரத்தில் பரம்பரையாக அந்தப் பங்கை வைத்திருந்த குடும்பங்களுக்கு ஒரு பைசாவும் வரவில்லை. அரசோ ரிசர்வ் வங்கியோ வருவது தொழிலையும் டெபாசிட்டையும் காப்பாற்ற; பங்கு கடைசி வரிசை. "அரசு வந்துவிட்டது, இனி ஏறும்" என்று அடிமட்ட விலையில் வாங்குவது இந்த வரிசையைத் தெரியாமல் செய்யும் காரியம்.

ஊழியரின் சம்பளம், பி.எஃப். என்ன ஆகும்?

இயக்குநர் குழு மாறினாலும் முதலாளி அதே கம்பெனிதான். வேலை ஒப்பந்தம் அப்படியே தொடரும், பணிக்காலம் முறியாது. சிக்கல் பழைய பாக்கியில். நிறுவனம் கலைப்புக்குப் போனால், திவால் சட்டத்தின் 53-வது பிரிவில் தொழிலாளரின் கடைசி 24 மாத பாக்கி பிணை வாங்கிக் கடன் கொடுத்தவர்களோடு சம வரிசை. மற்ற ஊழியர்களின் கடைசி 12 மாத பாக்கி அதற்கு அடுத்து. பி.எஃப்., பணிக்கொடை நிதியில் உள்ள பணம் கலைப்புச் சொத்தில் சேராது. ஆனால் பிடித்தம் செய்துவிட்டுக் கட்டாமல் விட்டிருந்தால் தலைவலி. இன்றே உங்கள் பி.எஃப். பாஸ்புக்கை எடுத்து, சம்பளச் சீட்டோடு மாதவாரியாக ஒப்பிடுங்கள். விடுபட்ட மாதம் இருந்தால் எழுத்தில் புகார்.

நாங்கள் சரக்கு சப்ளை செய்பவர்கள். தொடரலாமா?

உத்தரவு வந்த தேதியில் கணக்கை இரண்டாகப் பிரியுங்கள். அதற்கு முந்தைய பாக்கி பழைய கடன், எப்போது வரும் என்று சொல்ல முடியாது. பிந்தையது நடைமுறைச் செலவு, முறையாக வரும். புதிய கையெழுத்தோடு புதிய கொள்முதல் ஆணை வாங்காமல் ஒரு லோடுகூட அனுப்பாதீர்கள். வரும் பணத்தைப் பழைய பில்லில் வரவு வைத்தால் பிறகு தகராறு வரும்.

வோடஃபோன் ஐடியாவில் அரசுக்கு 49 சதவீதம். அது இப்போது அரசு கம்பெனியா?

சட்டப்படி இல்லை. நிறுவனங்கள் சட்டத்தின் 2(45)-ன்படி 51 சதவீதம் வேண்டும். அரசுக்கு வர வேண்டிய பாக்கியில் 16,133 கோடி ரூபாயை 2023-லும், 36,950 கோடியை 2025-லும் பங்காக மாற்றினார்கள். இப்படி அரசின் பங்கு 48.99 சதவீதத்துக்கு வந்தது. இரண்டு முறையும் விலை 10 ரூபாய். சந்தை விலை அதைவிடக் குறைவு. ஆனால் பங்கின் முகமதிப்பு 10 ரூபாய்; அதற்குக் கீழே பங்கு வெளியிட நிறுவனங்கள் சட்டத்தின் 53-வது பிரிவு விடாது.

51-ஐ எட்டாததற்குப் பலன் உண்டு: தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் தணிக்கை இல்லை, நிர்வாகமும் பழைய புரமோட்டர்களிடமே. பொதுமக்கள் பக்கம் நின்று பார்த்தால் இது சங்கடமான இடம். ஏறக்குறைய பாதிப் பங்கு பொதுப்பணம், ஆனால் கேள்வி கேட்கும் கருவிகள் நம் கையில் இல்லை.

அரசு பங்குதாரராக இருந்து நன்றாக ஓடும் கம்பெனி உண்டா?

ஓசூரில் இருக்கிறது. டைட்டன் 1984-ல் டாடா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் சேர்ந்து தொடங்கியது. டிட்கோவிடம் 27.88 சதவீதம். தலைவர் நாற்காலியில் டிட்கோ நியமிக்கும் ஐ.ஏ.எஸ். அதிகாரி இருப்பது வழக்கம், அன்றாட நிர்வாகம் டாடா தரப்பு நிர்வாக இயக்குநரிடம். யார் எதில் தலையிடுவது என்ற கோடு முதல் நாளிலேயே போடப்பட்டதுதான் இது நீடிப்பதற்குக் காரணம் என்பது எங்கள் கணிப்பு.

சிறு பங்குதாரர்கள் நாங்களே தீர்ப்பாயம் போகலாமா?

போகலாம். 244-வது பிரிவில் 100 உறுப்பினர்கள், அல்லது மொத்த உறுப்பினர்களில் பத்தில் ஒரு பங்கு, இரண்டில் எது குறைவோ அது. இல்லாவிட்டால் பங்கு மூலதனத்தில் பத்தில் ஒரு பங்கு வைத்திருப்பவர்கள். எண்ணிக்கை சேராவிட்டால் விலக்கு கேட்டு மனுப் போடலாம். டெபாசிட்தாரர்களுக்கு 245-வது பிரிவில் கூட்டு வழக்கு உண்டு. பட்டியலிட்ட கம்பெனி என்றால் முதலில் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் ஸ்கோர்ஸ் என்ற புகார் தளத்தில் புகார் கொடுங்கள், 21 நாளில் பதில் தர வேண்டும்.

கம்பெனி கவிழப்போகிறது என்பதை முன்கூட்டியே எப்படிக் கண்டுபிடிப்பது?

நிறுவன விவகார அமைச்சகத்தின் தளத்தில் 100 ரூபாய் கட்டினால் எந்தக் கம்பெனியின் பொது ஆவணங்களையும் பார்க்கலாம். ஏஓசி-4-ல் ஆண்டுக் கணக்கு, சிஎச்ஜி-1-ல் எந்தச் சொத்து யாரிடம் அடகு, டிஐஆர்-12-ல் இயக்குநர் வருகையும் விலகலும் தெரியும். கணக்கில் பெரிய ரொக்க இருப்பு இருந்தும் அதற்கான வட்டி வருமானம் சொற்பமாக இருந்தால், அந்த இருப்பு நிஜமா என்று சந்தேகப்படுங்கள். கையில் பணம் கொழிக்கிறது என்று சொல்லும் கம்பெனி புதிது புதிதாகச் சொத்தை அடகு வைத்தாலும் அப்படியே.

கடைசியாக ஏடிடி-3. பதவிக்காலம் முடியும் முன் தணிக்கையாளர் விலகினால் 30 நாளில் போட வேண்டிய படிவம் இது, விலகலுக்கான காரணமும் அதில் இருக்கும். "வேலைப் பளு" என்று ஒற்றை வரியில் எழுதியிருந்தால் அதற்கு முந்தைய ஆண்டின் தணிக்கை அறிக்கையை எடுங்கள். "எங்களுக்குத் தேவையான தகவல்கள் தரப்படவில்லை" என்ற வகையில் அங்கே ஏதாவது வாசகம் இருந்தால், டெபாசிட்டைப் புதுப்பிக்காதீர்கள்.